அனுமதிக் கடிதங்களில் எஞ்சிய வரலாறு: பல்கலைக்கழக மாணவர் விவகாரப் பிரிவின் பழைய கோப்புகள்

நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மலாயாப் பல்கலைக்கழகத்திலோ பினாங்கில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகத்திலோ படித்த ஒருவர், அக்காலத்துத் தமிழ்ச் சங்கத்தின் கோப்பையோ தம் சொந்தக் கோப்பையோ கேட்டுக் கடிதம் எழுதினால், பெரும்பாலும் மூன்று வகைப் பதில்களில் ஒன்று கிடைக்கும்: கோப்பு இல்லை; கோப்பு இருக்கிறது, ஆனால் காட்ட இயலாது; கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கேட்டவருக்கு மூன்றும் ஒரே மறுப்பாகத்தான் படுகின்றன. ஆனால் இம்மூன்றின் பின்னால் வெவ்வேறு காரணங்கள் உள்ளன. முதலாவது அழிப்பு விதிகளைப் பற்றியது. இரண்டாவது அந்தரங்கத்தையும் இரகசியத்தையும் பற்றியது. மூன்றாவது ஆவணங்கள் அடுக்கப்பட்ட முறையைப் பற்றியது. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் “எல்லாவற்றையும் எரித்துவிட்டார்கள்” என்றும் “வேண்டுமென்றே மறைக்கிறார்கள்” என்றும் பேசுவதால், உண்மையில் கிடைக்கக்கூடிய ஆவணங்கள்கூடத் தேடப்படாமல் போகின்றன.

இவற்றை விளங்கிக்கொள்ள, இக்கோப்புகளை வைத்திருக்கும் மாணவர் விவகாரப் பிரிவு எதற்காக உருவானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஓர் அலுவலகம் எதைச் செய்வதற்காக ஏற்பட்டதோ அதைப் பற்றிய தாள்களையே அது சேர்க்கும்.

மாணவர் விவகாரப் பிரிவு எப்படி வந்தது

மலாயாப் பல்கலைக்கழகம் 1949 அக்டோபர் 8ஆம் நாள் சிங்கப்பூரில், ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து உருவானது. 1959இல் அது சிங்கப்பூர், கோலாலம்பூர் என இரு தன்னாட்சிப் பிரிவுகளாகி, 1962 ஜனவரி 1 முதல் இரு தனித்தனிப் பல்கலைக்கழகங்களானது. அந்தக் காலத்து நிர்வாகம் பிரிட்டிஷ் மரபைப் பின்பற்றியது. மாணவரின் சேர்க்கை, தேர்வு ஆகியவற்றைப் பதிவாளர் அலுவலகம் கவனித்தது. தங்குமிடத்தை விடுதிக் காப்பாளர் கவனித்தார். சங்கம், கூட்டம், விவாதம், பத்திரிகை ஆகியவை மாணவர் சங்கத்தின் கையில் இருந்தன. மலாயாப் பல்கலைக்கழக மாணவர் சங்கத்துக்குச் சொந்தச் செயலகமும் சொந்த இதழும் இருந்தன. ஆகவே அக்கால மாணவர் வாழ்க்கையைக் காட்டும் தாள்களில் பெரும்பகுதி நிர்வாகத்திடம் சேராமல் மாணவர்களிடமே தங்கியது.

1974 இந்த நிலையை மாற்றியது. அவ்வாண்டு செப்டம்பரில் ஜோகூர் பாருவின் தாசெக் உத்தாராவில் புறம்போக்குக் குடியிருப்பாளர்கள் வெளியேற்றப்பட்டதை எதிர்த்து மாணவர் போராட்டம் மூண்டது, கோலாலம்பூர் வளாகத்தின் நிர்வாகத்தை மாணவர் சங்கம் தன் கையில் எடுத்துக்கொண்டதாக அறிவித்தது, சங்கம் முடக்கப்பட்டது. டிசம்பரில் பாலிங் வட்டாரத்து ரப்பர் சிறுதோட்டக்காரர்களின் வறுமையை முன்வைத்துத் தலைநகரில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். இதையடுத்து, 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம் 1975இல் கடுமையாகத் திருத்தப்பட்டது. மாணவர் அமைப்புகள் பணம் திரட்டுவதற்குத் தடை வந்தது. அமைப்புகளை முடக்கவும் கலைக்கவும் துணைவேந்தருக்கு அதிகாரம் வந்தது. மாணவர் சங்கத்தின் இடத்தில் மாணவர் பிரதிநிதித்துவ மன்றம் வந்தது. ‘எச்.இ.பி.’ என்று மாணவர் வாயில் புழங்கும் மாணவர் விவகாரப் பிரிவு, ஓர் உதவித் துணைவேந்தரின் தலைமையில் இன்றைய வடிவையும் அதிகாரத்தையும் பெற்றது இந்தத் திருத்தத்தின் தொடர்ச்சியாகத்தான்.

ஆவணங்களின் கோணத்திலிருந்து பார்த்தால் இதன் விளைவு விசித்திரமானது. மாணவர் சுதந்திரம் குறைந்த அதே காலத்தில்தான் மாணவர் செயற்பாடுகள் பற்றிய அலுவலகத் தாள்கள் பெருகின. ஒரு நிகழ்ச்சிக்கு அனுமதி தேவையில்லாதபோது அதைப் பற்றிய கடிதமும் இருக்காது. அனுமதி கட்டாயமானபின், பொங்கல் விழாவுக்கும் ஒரு கோப்பு உண்டு.

சில அடிப்படைச் சொற்கள்

காப்பகத் துறையில் வழங்கும் நான்கு கருத்துகளை மட்டும் இங்கே தெளிவுபடுத்திக்கொள்வது போதும்.

1. அலுவல் பதிவு: ஓர் அலுவலகம் தன் பணியின்போது உருவாக்கிய அல்லது பெற்ற எதுவும் பதிவுதான். கடிதம், படிவம், கூட்டக் குறிப்பு, புகைப்படம், மின்னஞ்சல் எல்லாம் இதில் அடங்கும். அது பழையதாக இருக்கவேண்டும் என்பதில்லை. முக்கியமானதாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை.

2. காப்பக ஆவணம்: அன்றாட வேலைக்குத் தேவையற்றுப்போன பின்னும், நிலையான மதிப்புடையது என்று தேர்ந்தெடுக்கப்பட்டுப் பாதுகாக்கப்படும் பதிவு. எல்லாப் பதிவுகளும் காப்பக ஆவணமாவதில்லை. உலகெங்கும் மிகச் சிறு பங்கே அவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகிறது. இந்தத் தேர்வை மதிப்பீடு என்பர்.

3. மூலக் கொள்கை: ஆவணங்களைப் பொருள்வாரியாகக் கலைத்து அடுக்காமல், உருவாக்கிய அலுவலகத்தின் வாரியாகச் சேர்த்து வைப்பது. அந்த அலுவலகம் வைத்திருந்த வரிசையையும் இயன்றவரை மாற்றாமல் காப்பது இதன் மறுபாதி. ‘தமிழ்ச் சங்கம்’ என்ற தலைப்பில் நூலகத்தில் புத்தகம் தேடுவதுபோல் காப்பகத்தில் தேட முடியாது என்பதற்குக் காரணம் இதுதான். சங்கத்தைப் பற்றிய கடிதம் ஒன்று விடுதிக் கோப்பில் இருக்கலாம், மற்றொன்று மண்டப ஒதுக்கீட்டுக் கோப்பில் இருக்கலாம், மூன்றாவது ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பில் இருக்கலாம்.

4. அழிப்பு அட்டவணை: எந்த வகைப் பதிவை எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், அதன்பின் அதை அழிக்கலாமா, காப்பகத்துக்கு அனுப்ப வேண்டுமா என்று முன்கூட்டியே வரையறுக்கும் பட்டியல். மலேசியப் பொது அலுவலகங்களில் இது இரு வகைப்படும். பணியாளர், நிதி, கட்டடம் போன்று எல்லா அலுவலகங்களுக்கும் பொதுவானவற்றுக்கு ஓர் அட்டவணை. அந்தந்த அலுவலகத்தின் தனிப்பணிக்கு மற்றோர் அட்டவணை. மாணவர் விவகாரங்கள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஆகவே பல்கலைக்கழகம் தானே தயாரித்து ஒப்புதல் பெறவேண்டிய பட்டியல் அது.

கோப்புகளுக்குள் இருப்பது

மாணவர் விவகாரப் பிரிவின் பதிவுகளை ஒரே குவியலாக நினைப்பது தவறு. அவற்றின் மதிப்பு வகைக்கு வகை வேறுபடும்.

முதலில் தனிநபர் கோப்புகள். உதவித்தொகை விண்ணப்பம், குடும்ப வருமானச் சான்று, விடுதி விண்ணப்பம், மருத்துவப் படிவம், காப்பாளரின் குறிப்பு, சில வேளைகளில் ஒரு தகப்பன் தன் மகளுக்கு அறை ஒதுக்கும்படி எழுதிய கடிதம் என இவற்றில் பலவும் கலந்து கிடக்கும். தனி ஒரு கோப்பாகப் பார்த்தால் இது ஒருவரின் அந்தரங்கம். அதற்கு மேல் அதில் அதிகமில்லை. ஆனால் ஓர் ஆண்டின் கோப்புகள் முழுவதும் சேர்ந்தால் அதன் தன்மையே மாறுகிறது. பிறந்த இடம் என்ற கட்டத்தில் ஒரு தோட்டத்தின் பெயரும் பிரிவு எண்ணும் எழுதப்பட்டிருக்கும். அந்தத் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதியாகவோ நெடுஞ்சாலையாகவோ மாறியிருக்கலாம். தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் பால்மரம் வெட்டுபவர், தோட்டக் கங்காணி, இரயில்வேத் தொழிலாளி, பொதுப்பணித் துறைத் தொழிலாளி என்ற விவரங்கள் இருக்கும். முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகத்தில் காலடி வைத்த தமிழ்ப் பிள்ளைகள் எந்த வட்டாரத்திலிருந்து வந்தார்கள், எந்த இடைநிலைப்பள்ளி வழியாக வந்தார்கள், யாரிடம் உதவித்தொகை கேட்டார்கள், எந்தப் பருவத்தில் படிப்பைக் கைவிட்டார்கள் என்பனவற்றையெல்லாம் சொல்லக்கூடிய மூலம் வேறெங்கும் இவ்வளவு செறிவாக இல்லை. தோட்டங்களைச் சிறு துண்டுகளாக்கி விற்ற தோட்டத் துண்டாடலால் குடும்பங்கள் சிதறியதைப் பற்றி நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். ஆனால் அச்சிதறலிலிருந்து படித்து மேலேறியவர்களின் வழித்தடத்தைக் காட்டும் கட்டங்கட்டமான படிவங்களை யாரும் வரலாற்று மூலமாக எண்ணுவதில்லை.

இத்தகைய தரவுகளின் வலிமையை அரசு நன்கு அறிந்திருந்தது. 1969 மே இனக்கலவரத்துக்குப் பின் நாட்டை நிர்வகித்த தேசிய நடவடிக்கை மன்றம், மலாயாப் பல்கலைக்கழக மாணவர்களின் வளாக வாழ்க்கையை ஆராய டாக்டர் அப்துல் மஜிட் இஸ்மாயில் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1971இல் வெளிவந்த அதன் அறிக்கை, எந்த இனத்தவர் எந்தத் துறையில் எத்தனை பேர் என்ற கணக்கை அடிப்படையாகக் கொண்டு வாதிட்டது. அதன்பின் வந்த சேர்க்கைக் கொள்கைகளுக்கு அது முக்கியமான படிக்கல்லாயிற்று. மாணவர் பதிவேடு என்பது வெறும் எழுத்தர் வேலை அன்று என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

ஒரு வரம்பையும் சொல்லவேண்டும். பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கை யு.பி.யு. என்ற மத்திய அமைப்பின் வழியாக நடக்கத் தொடங்கிய பின், சேர்க்கை விண்ணப்பம் என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் ஆவணமாக இல்லை. பிற்கால விண்ணப்பத்தை மாணவர் விவகாரப் பிரிவிடம் கேட்பவர் தவறான கதவைத் தட்டுகிறார்.

அடுத்து, சங்கக் கோப்புகள். தமிழ்ப் பேரவை, இந்தியர் பண்பாட்டு அமைப்புகள், சமய அமைப்புகள் ஆகியவற்றின் செயற்பாடுகள் பல்கலைக்கழகத்திடம் எஞ்சியிருப்பது பெரும்பாலும் இக்கோப்புகளில்தான். இவற்றின் உள்ளடக்கம் ஏறத்தாழ ஒரே மாதிரியானது: செயற்குழு உறுப்பினர் பட்டியல், நிகழ்ச்சி நடத்த அனுமதி கோரும் கடிதம், வெளியிலிருந்து வரும் பேச்சாளரின் பெயரும் விவரமும், மண்டப ஒதுக்கீடு, வரவுசெலவு மதிப்பீடு, நிகழ்ச்சி முடிந்தபின் அறிக்கை. இந்தக் கடிதங்களுக்கென்றே ஒரு நடை உண்டு; நிகழ்ச்சியின் நோக்கம் எப்போதும் ஒற்றுமையை வளர்ப்பதாகவும் மாணவரின் தலைமைத்துவத்தை மேம்படுத்துவதாகவும் எழுதப்பட்டிருக்கும். அது நோக்கத்தைப் பற்றிய சான்று அன்று. எப்படி எழுதினால் அனுமதி கிடைக்கும் என்று அக்காலச் செயலாளர் அறிந்துவைத்திருந்தார் என்பதற்கான சான்று. ஓர் இலக்கிய விழாவில் எத்தனை நாற்காலி போடப்பட்டது, குத்துவிளக்கு ஏற்ற யார் அழைக்கப்பட்டார், சிற்றுண்டிக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பவை இக்கோப்பில் துல்லியமாக இருக்கும். மேடையில் என்ன பேசப்பட்டது என்பது இருக்காது. மறுக்கப்பட்ட விண்ணப்பங்களே இவற்றில் அதிகம் சொல்பவை. அவற்றில்தான் அலுவலர் தம் காரணத்தை எழுதவேண்டியிருந்தது, அதற்குச் சங்கம் பதிலும் எழுதியது.

மூன்றாவதாக, ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகள். இவற்றைப் படிக்கும்போது அவை எந்த விதியின்கீழ் எழுதப்பட்டன என்பதை ஆண்டுவாரியாகப் பார்க்க வேண்டும். 1975க்குப் பின் ஓர் அரசியல் கட்சிக்கு ஆதரவாகப் பேசியதே குற்றமாக எண்ணப்பட்டது. 2009 திருத்தம் அதற்கான குற்றவியல் தண்டனைகளை நீக்கி அதை வளாக ஒழுங்கு விவகாரமாக்கியது. 2010 உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது தேசியப் பல்கலைக்கழக மாணவர் நால்வர்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை நீதிமன்றம் சென்றது. 2011 அக்டோபர் 31இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கட்சிக்கு ஆதரவோ எதிர்ப்போ தெரிவிப்பதைத் தடுத்த அந்த விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2012இல் மாணவர் கட்சி உறுப்பினராவதற்கு வழி திறந்தது. 2018 டிசம்பரில் நிறைவேறிய திருத்தம் வளாகத்துக்குள் கட்சி நடவடிக்கை மீதான தடையையும் நீக்கியது. ஆக, 1980களின் கோப்பில் ‘குற்றம்’ என்று பதிவானது இன்றைய சட்டத்தில் குற்றமே அன்று. அந்தக் கோப்பில் பெயருள்ளவர் இன்று ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம். இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் திறப்பு, மறைப்பு பற்றிப் பேசவேண்டும்.

விடுதி, விளையாட்டு, ஆலோசனைச் சேவை ஆகியவற்றின் பதிவுகளும் உண்டு. அவற்றில் ஆலோசனைச் சேவையின் கோப்புகள் மருத்துவப் பதிவுக்கு நிகரானவை. அவற்றை ஆய்வாளர் கேட்கவே கூடாது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

“கோப்பு இல்லை” என்ற பதில்

மலேசியாவின் பொது ஆவண நிர்வாகம் 2003ஆம் ஆண்டின் தேசிய ஆவணக் காப்பகச் சட்டத்தின்கீழ் நடக்கிறது. அதற்கு முன் 1966ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. 1957 டிசம்பரில் தொடங்கி இன்று கோலாலம்பூரில் முன்பு ஜாலான் டூத்தா எனப்பட்ட சாலையில் இயங்கும் தேசிய ஆவணக் காப்பகத்தின் தலைமை இயக்குநரே இதற்குப் பொறுப்பு. பொதுப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தால் அமைக்கப்பட்ட நிறுவனங்கள் என்பதால் அவற்றின் பதிவுகளும் பொதுப் பதிவுகளே. இதிலிருந்து இரண்டு விஷயங்கள் பிறக்கின்றன.

ஒன்று, ஒரு பொது அலுவலகம் தன் பதிவுகளைத் தலைமை இயக்குநரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி அழிக்க முடியாது. இரண்டு, முறையான ஒப்புதலுடன் அழிப்பது குற்றமன்று. அது நிர்வாகத்தின் இயல்பான பகுதி. ஆகவே “இல்லை” என்ற பதிலைப் பெற்றவர் கேட்கவேண்டிய அடுத்த கேள்வி “ஏன் அழித்தீர்கள்?” என்பதன்று, “எந்த அட்டவணைப்படி, எந்த ஆண்டில், எந்த ஒப்புதலின்கீழ் அழிக்கப்பட்டது?” என்பதே. முறையாக அழிக்கப்பட்டிருந்தால் அழிக்கப்பட்டவற்றின் பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலே ஒரு வரலாற்று மூலம். பட்டியலும் இல்லையென்றால், கோப்பு அழிக்கப்படவில்லை, தொலைந்திருக்கிறது என்று கொள்வதே நியாயம்.

தொலைவதற்குக் காரணங்கள் பல. அலுவலகம் இடம் மாறும்போது கோப்புகள் காணாமற்போவது மிகச் சாதாரணம். பினாங்குப் பல்கலைக்கழகம் 1969இல் குளுகோரில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வளாகத்தில் தொடங்கி, பின் மிண்டன் இராணுவ முகாமுக்குக் குடிபெயர்ந்து, பெயரும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் என்று மாறியது. இத்தகைய மாற்றம் ஒவ்வொன்றிலும் “இது யாருடைய அலமாரி?” என்ற கேள்விக்கு விடை தெரியாமல் சில பெட்டிகள் நின்றுவிடும். நம் தட்பவெப்பம் மற்றொரு காரணம். காகிதத்துக்கு ஏற்ற ஈரப்பதம் ஏறக்குறைய 50 விழுக்காடு. இங்கே குளிர்சாதனமில்லாத அறையில் அது 80 விழுக்காட்டைத் தாண்டுவது அன்றாடம். பூஞ்சணமும் கறையானும் இராமபாணப் பூச்சியும் மட்டுமல்ல, இரும்புக் குண்டூசிகள்கூடத் துருவேறிக் காகிதத்தைத் தின்கின்றன. 1980களிலும் 1990களிலும் வந்த தொலைநகல்கள் வெப்பத்தாளில் அச்சானவை. கோப்பு பத்திரமாக இருந்தாலும் அவற்றின் எழுத்து மங்கி வெற்றுத்தாளாகியிருக்கும். சைக்ளோஸ்டைல் அறிக்கைகள் பழுப்பேறி மடித்த இடத்தில் உடைகின்றன.

தனியார் கல்லூரிகளின் நிலை நேர்மாறானது. தேசிய ஆவணக் காப்பகச் சட்டத்தின் பொதுப் பதிவு விதிகள் அவற்றைக் கட்டுப்படுத்துவதில்லை. 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே அவற்றைக் கட்டுப்படுத்துகிறது. அச்சட்டம், சேகரித்த நோக்கத்துக்குத் தேவையான காலத்துக்கு மேல் தனிநபர் தரவை வைத்திருக்கக்கூடாது என்கிறது. பொதுப் பல்கலைக்கழகம் ஒப்புதலின்றி அழிக்கக்கூடாது. தனியார் கல்லூரி தேவைக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. 1990களுக்குப் பின் தனியார் கல்வியை நாடிய நம் பிள்ளைகளின் எண்ணிக்கையை நினைத்தால், அந்தத் தலைமுறையின் மாணவர் வாழ்க்கை வரலாறு சட்டப்படியே அழியும் வழியில் இருக்கிறது என்பது விளங்கும்.

“இருக்கிறது, காட்ட முடியாது” என்ற பதில்

இங்கே மூன்று தடைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன.

1. கால எல்லை: 25 ஆண்டுகளைக் கடந்த பொதுப் பதிவுகள்தாம் பொதுவாகக் காப்பகத்துக்கு மாற்றுவதற்கும் திறப்பதற்கும் உரியவையாகக் கருதப்படுகின்றன. ஆனால் 25 ஆண்டுகள் கடந்தவுடன் ஒரு கோப்பு தானே திறந்துவிடாது; யாராவது அதை மதிப்பிட்டு மாற்றவேண்டும்.

2. இரகசிய முத்திரை: 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின்கீழ் வகைப்படுத்தப்பட்ட தாள் ஒன்று கோப்பில் இருந்தால், அதன் வகைப்பாடு நீக்கப்படும்வரை முழுக் கோப்பும் நிறுத்தி வைக்கப்படலாம். 1970களின் மாணவர் போராட்டக் காலக் கோப்புகளில் இத்தகைய கடிதங்கள் இடையில் செருகியிருப்பது வியப்பில்லை.

3. மற்றவரின் அந்தரங்கம்: ஒருவர் தம் விடுதிக் கோப்பைக் கேட்டாலும், அதில் அறைத்தோழரைப் பற்றிய புகார் இருக்கலாம்.

தனியார் கல்லூரியில் படித்தவருக்கு, தம்மைப் பற்றி அங்கே உள்ள தரவைக் கேட்டுப்பெறும் உரிமையைத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. 21 நாளுக்குள் பதில் தரவேண்டும். ஆனால் அச்சட்டம் வணிகப் பரிவர்த்தனைகள் சார்ந்தது. கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் பொருந்தாது. ஆகவே பொதுப் பல்கலைக்கழக மாணவர் அதைப் பற்றிக்கொண்டு வாதிடுவது எளிதன்று. சிலாங்கூரும் பினாங்கும் தகவல் சுதந்திரச் சட்டங்களை இயற்றியுள்ளன என்று சிலர் சுட்டுவதுண்டு. அவை மாநில அலுவலகங்களுக்கே பொருந்தும்; பினாங்குத் தீவில் அமைந்திருந்தாலும் அறிவியல் பல்கலைக்கழகம் மாநில அரசின் அலுவலகமன்று. நடைமுறையில் எஞ்சுவது, எழுத்துப்பூர்வமாகவும் குறிப்பாகவும் கேட்பதுதான். “என் கோப்பு முழுவதும்” என்று கேட்பதைவிட “1981/82 கல்வியாண்டுக்கான உதவித்தொகை முடிவுக் கடிதம்” என்று கேட்பதற்குப் பதில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

“எங்கே என்று தெரியவில்லை” என்ற பதில்

மூன்று பதில்களில் பெரும்பாலும் உண்மையானது இதுவே என்று துணிந்து சொல்லலாம். இதற்கு நிறுவன வரலாறு ஒரு காரணம். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்தவரின் ஆவணம் கோலாலம்பூரில் இருக்கவேண்டும் என்று பெயரை வைத்து முடிவுசெய்வது பிழை. அன்றைய வளாகம் சிங்கப்பூரில் இருந்தது. மூலக் கொள்கைப்படி அந்தத் தாள்கள் அங்கே உருவான நிர்வாகத்தின் வாரிசான நிறுவனத்திடம் தேடப்படவேண்டியவை. இந்தியவியல் துறையும் 1956இல் சிங்கப்பூரில் தொடங்கிப் பின்னரே கோலாலம்பூருக்கு வந்தது. துறைத் தாள்கள் வேறு, மாணவர் விவகாரத் தாள்கள் வேறு என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். தனிநாயக அடிகளார் துறைத்தலைவராக இருந்தபோது, 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாட்டைப் பற்றிய தாள்களை மாணவர் விவகாரக் கோப்புகளில் தேடுவது வீண்.

மற்றொரு காரணம் நம் பெயர்கள். சீனர், மலாய்க்காரர் பெயர்களுக்கும் சிக்கல்கள் உண்டு. ஆயினும் தமிழ்ப் பெயர்களின் சிக்கல் தனி வகை. இலட்சுமி என்ற பெயரைப் பிறப்புச் சான்றிதழில் தோட்டத்து எழுத்தர் ஒருவிதமாகவும், பள்ளிச் சான்றிதழில் தலைமையாசிரியர் வேறுவிதமாகவும், பல்கலைக்கழகத்தில் தட்டச்சர் மூன்றாவது விதமாகவும் எழுதியிருப்பார். தந்தை பெயரை இணைக்க முன்னர் ஆங்கில வழக்கும், பின்னர் ‘அனாக் லெலாக்கி’ (மகன்), ‘அனாக் பெரம்புவான்’ (மகள்) என்ற மலாய் வழக்கும் பயன்பட்டன. சில பதிவேடுகளில் தந்தை பெயரே குடும்பப் பெயராகக் கொள்ளப்பட்டு அதன் முதலெழுத்தின்கீழ் கோப்பு அடுக்கப்பட்டிருக்கும். போதாததற்கு, 1990இல் அடையாள அட்டை எண் 12 இலக்கமாக மாறியது. அதற்கு முந்தைய பதிவுகள் பழைய எண்ணின்கீழ் உள்ளன. எனவே தேடும்போது பின்வரும் வரிசையில் விவரங்களைத் தருவது பயனளிக்கும்:

1. மாணவர் பதிவு எண். இது மாறாதது, பழைய நூலக அட்டையிலோ தேர்வு நுழைவுச் சீட்டிலோ இருக்கும்.

2. பழைய அடையாள அட்டை எண்.

3. பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது இருந்த எழுத்துக்கூட்டலில் பெயர். உடன் வேறு எழுத்துக்கூட்டல்களும், தந்தை பெயர் முதலில் வரும் வடிவமும்.

4. சேர்ந்த கல்வியாண்டும் தங்கிய விடுதியும்.

ஸ்கேன் செய்தால் போதுமா

போதாது. படமெடுப்பது நகலெடுப்பதுதான், அந்தப் படத்துக்கு யாருடைய கோப்பு, எந்த ஆண்டு, எந்த வரிசை என்ற குறிப்பு இல்லையென்றால், அலமாரியில் தொலைந்த தாள் கணினியில் தொலைந்த தாளாகும், அவ்வளவே. 1950ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டம் கணினி உருவாக்கிய ஆவணங்களை நீதிமன்றத்தில் ஏற்க வழிசெய்கிறது என்பதால் மூலத்தை வீசிவிடலாம் என்று பொருளில்லை; மூலத்தை அழிப்பதற்கு முன்சொன்ன ஒப்புதல் தேவைதான். நெகிழ்தட்டுகளில் 1990களில் சேமித்த மாணவர் பட்டியல்களை இன்று எந்த அலுவலகக் கணினியும் திறக்காது. அதே காலத்துத் தட்டச்சுப் பிரதியோ இன்றும் கண்ணால் படிக்கக்கூடியது.

சங்கங்களிடம் உள்ள தாள்கள்

இதுவரை சொன்னதிலிருந்து ஒரு விளைவு தெளிவாகிறது. மாணவர் விவகாரப் பிரிவின் ஆவணம் முழுமையாகக் காக்கப்பட்டாலும்கூட, அது அனுமதி கொடுத்தவரின் பார்வையில் எழுதப்பட்டது. தமிழ் மாணவர் என்ன பேசினார்கள், எதைப் பற்றிச் சண்டையிட்டுக்கொண்டார்கள், தோட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வார இறுதி வகுப்பு நடத்த எந்த ஊருக்குச் சென்றார்கள் என்பவை சங்கத்தின் சொந்தக் கூட்டக் குறிப்புகளிலும், ஆண்டு மலர்களிலும், கடிதங்களிலும்தான் இருக்கும். சிங்கப்பூர் வளாகக் காலத்திலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. பல்கலைக்கழகச் சோசலிச மன்றத்தின் ‘ஃபஜார்’ இதழை நடத்திய மாணவர் எண்மர்மீது 1954 மே மாதம் தேசநிந்தனை வழக்குத் தொடரப்பட்டு, ஆகஸ்டில் அவர்கள் விடுதலையாயினர். ஜேம்ஸ் புதுச்சேரியும், பின்னாளில் மருத்துவராகப் பணியாற்றிய எம்.கே. ராஜகுமாரும் அவர்களில் இருவர். அந்த மாணவர்கள் என்ன சிந்தித்தார்கள் என்பதை இன்று நாம் அறிவது நிர்வாகக் கோப்பினால் அன்று. அவர்கள் தாமே அச்சிட்ட இதழினாலும், வழக்குப் பதிவினாலும், உறுப்பினர்கள் வைத்திருந்த தாள்களினாலும்தான்.

மாணவர் அமைப்பின் செயற்குழு ஆண்டுதோறும் மாறுகிறது. தாள்கள் முன்னாள் செயலாளரின் வீட்டு அலமாரிக்குச் செல்கின்றன. வீடு மாறும்போது குப்பைக்குச் செல்கின்றன. இவற்றைக் காப்பகத்திலோ பல்கலைக்கழக நூலகத்திலோ ஒப்படைக்க விரும்பும் சங்கங்கள் சில முடிவுகளை முன்கூட்டியே எடுக்கவேண்டும். தாள்களின் உரிமை சங்கத்திடமே இருக்குமா, மாற்றப்படுமா? படிப்போர் நகலெடுக்கலாமா? எவை உடனே திறக்கப்படலாம், எவை எத்தனை ஆண்டு மூடியிருக்கவேண்டும்? செயற்குழுப் பட்டியல், விழா அழைப்பிதழ், ஆண்டு மலர் ஆகியவற்றை மூடிவைக்கக் காரணமில்லை. கட்டணம் கட்ட இயலாமல் உதவி கேட்டு உறுப்பினர் எழுதிய கடிதங்களை, எழுதியவர் உயிருடன் இருக்கக்கூடிய காலம்வரை மூடிவைப்பதே முறை. இந்த நிபந்தனைகள் அனைத்தும் ஒப்படைப்புக் கடிதத்தில் பெட்டிவாரியாக எழுதப்பட்டு, இரு தரப்பும் கையொப்பமிட்ட பிறகே பெட்டிகள் சங்கத்தின் அறையைவிட்டு வெளியேற வேண்டும். அக்கடிதத்தின் ஒரு பிரதி, அடுத்த ஆண்டு வரும் செயலாளரின் பொறுப்பேற்புக் கோப்பில் இருக்கவேண்டும்.